ஹைதராபாத்தில் கையால் எழுதிய போர்டிங் பாஸ்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. ஹைதராபாத்தின் ஷம்ஷாபாத் விமான நிலையத்திலிருந்து கொல்கத்தா செல்லவிருந்த பயணி ஒருவரிடம், பேனாவால் நிரப்பப்பட்ட போர்டிங் பாஸ் ஒன்று தரப்பட்டது. பெயர், விமான எண், இருக்கை என யாவும் கையெழுத்தில். அதன் படம் அன்றே உலகைச் சுற்றிவந்தது.

அன்று இந்திய நேரம் காலை 9.39-க்கு, அமெரிக்காவின் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் ஃபால்கன் பாதுகாப்பு மென்பொருளுக்குச் சிறிய கோப்பு ஒன்றை அனுப்பியது. நிரல் அளித்தவை 20 உள்ளீடுகள். கோப்போ 21ஆவதையும் ஒப்பிடச் சொன்னது. இல்லாததைத் தேடிய நிரல் நினைவகத்தின் எல்லைக்கு வெளியே கால்வைத்தது. சாதாரண மென்பொருளாயின் அது மட்டும் மூடிக்கொண்டிருக்கும். ஃபால்கன் விண்டோஸின் கெர்னலுக்குள் இயங்குவது. ஆகவே கணினியே சரிந்து நீலத்திரை காட்டியது. 10.57-க்குக் கோப்பு திரும்பப் பெறப்பட்டது. அந்த 78 நிமிடங்களில் அணைந்திருந்த கணினிகள் தப்பின. வீழ்ந்தவை ஏறத்தாழ 85 லட்சம் என்பது மைக்ரோசாஃப்ட்டின் கணிப்பு. உலகின் விண்டோஸ் கணினிகளில் இது 1 சதவீதத்துக்கும் குறைவு; ஆயினும் விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் அதற்குள் அடங்கின. பழியின் ஒரு பகுதி மைக்ரோசாஃப்ட்டின் மீதும் விழுந்தது. அந்நிறுவனத்தின் பெரிய வளாகம் இதே நகரின் கச்சிபவுலியில் இருப்பது தற்செயல்தான்.

கெடுத்தது இணையம் வழியே நொடியில் பரவியது. மீட்போ அவ்வழியே எளிதில் செல்ல இயலவில்லை. திருத்தத்தைப் பெறுமளவுக்குக்கூடப் பல கணினிகள் விழித்திருக்கவில்லை; எழுந்தவுடன் விழுந்தன. எனவே ஒவ்வொரு கணினியின் முன்பும் ஒருவர் அமர வேண்டியிருந்தது. பாதுகாப்பு முறையில் இயக்கி, டிரைவர்கள் கோப்புறைக்குள் சென்று, 291 என்னும் எண்ணைத் தாங்கிய கோப்பை நீக்கி, மீண்டும் தொடங்க வேண்டும். தெரிந்தவருக்குச் சில நிமிட வேலை. ஆனால் வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், முதலில் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். அச்சாவிகளைக் காத்த சேவையகமும் நீலத்திரையில் நின்றிருந்தால்? இக்கேள்வியைப் பல தொழில்நுட்பப் பணியாளர்கள் அன்றுதான் முதன்முறையாகத் தம்மிடம் கேட்டுக்கொண்டிருப்பர். மேகக்கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் அளித்த ஓர் அறிவுரை இன்னும் வியப்பானது: மீண்டும் மீண்டும் தொடங்கிப் பாருங்கள், 15 முறை வரைகூட ஆகலாம்.

உள்ளீட்டின் எண்ணிக்கைப் பிழை எவருக்கும் நேரக்கூடியது. வியப்பளிப்பது, அக்கோப்பு முதலில் சில கணினிகளுக்கு, பின் பலவற்றுக்கு எனப் படிப்படியாக அனுப்பப்படாததே. ஃபால்கனின் பதிப்பு எப்போது மாற வேண்டும் என்பதை வாடிக்கையாளர்கள் தீர்மானிக்க முடிந்தது. இத்தகைய உள்ளடக்கக் கோப்புகளோ அக்கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டிருந்தன. புதுப்பித்தலை எச்சரிக்கையுடன் தள்ளிவைத்த நிர்வாகியும் வீழ்ந்தது இவ்வழியில்தான். படிப்படியான வெளியீட்டையும் வாடிக்கையாளர் கட்டுப்பாட்டையும் நிறுவனம் அதன்பிறகே அறிவித்தது.

ஜூலை 25 அன்று 97 சதவீதத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மீண்டுவிட்டதாக அதன் தலைவர் தெரிவித்தார். எஞ்சியவற்றின் முன் அப்போதும் யாரோ ஒருவர் அமர்ந்து, 48 இலக்கங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்திருப்பார்.