காடிக்கு அடியில் சொட்டிய தண்ணீர்

மதியம் ஒன்றேகால் மணி. கிள்ளான் பக்கத்து மேருவில் கடைவீட்டு வரிசையின் கோடியில் இருக்கிறது அந்த ஏர்கோன் பட்டறை. தங்கச்சியின் மைவி வாசலில் இஞ்சின் ஓடியபடி நிற்கிறது. காடிக்கு அடியில், இடதுபக்க முன்சீட்டுக்கு நேர்கீழே, சிமெண்டுத் தரையில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்து உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருக்கிறது.

"ஒரு வாரத்துக்கு வர்ற எண்ணெய் அஞ்சு நாளுலயே முடிஞ்சிருது அங்கிள். டேங்கு எங்கயாச்சும் ஒழுகுதா பாருங்க" என்கிறாள் தங்கச்சி.

அவள் கவலை நியாயமானது. 2025 செப்டம்பர் 30 முதல் மைகார்டைக் காட்டினால் ரோன் 95 லிட்டர் 1 வெள்ளி 99 காசு என்று ஆனது. அதற்கு முன் 2 வெள்ளி 5 காசு. விலை இறங்கிய பிறகும் மாதச் செலவு ஏறினால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். மார்ச் வெயில்தான் காரணம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். அதை நேரில் பார்த்துவிடலாம் என்றுதான் நானும் கூட வந்தேன்.

பட்டறைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். டேங்கை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பானெட்டைத் தூக்கி, நீலமும் சிவப்புமாய் இரண்டு மீட்டர் தொங்கும் குழாயை மாட்டினார். "இப்ப ஏர்கோன் போடும்மா" என்றார். டக்கென்று ஒரு சத்தம். இஞ்சின் ஒரு கணம் மூச்சுத் திணறி, பிறகு உரக்க உறுமத் தொடங்கியது. சிவப்பு மீட்டரின் முள் ஏறி 250 பிஎஸ்ஐயை நெருங்கி நின்றது. அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பெரிய பாடம். வாசல் குழாயை இழுத்து வந்து, காடியின் முகப்பில் இருக்கும் கண்டென்சர் மீது தண்ணீரைப் பீய்ச்சினார். முள் மளமளவென்று இறங்கி 200க்குக் கீழே வந்தது. இஞ்சின் சத்தமும் தணிந்தது.

"பாத்தீங்களா தம்பி? வெளிய சூடு கூடக் கூட, உள்ள இருக்கிற சூட்டை வெளிய தள்ள கம்பரசர் அவ்வளவு கஷ்டப்படணும். கம்பரசரைச் சுத்துறது யாரு? இஞ்சின். இஞ்சினுக்குச் சாப்பாடு? உங்க எண்ணெய்."

வெயில் இஞ்சினுக்கு எதிரி இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சூடான காற்று லேசானது. 15 டிகிரிக் காற்றைவிட 35 டிகிரிக் காற்றின் அடர்த்தி 6 விழுக்காட்டுக்கும் மேல் குறைவு. காடி அதைக் கிழித்துக்கொண்டு போவது எளிது. காலையில் இஞ்சினும் சீக்கிரம் சூடேறிவிடும். குளிர் நாட்டுக்காரர்களுக்குத்தான் இதில் நட்டம்: 25 டிகிரியில் கிடைக்கும் மைலேஜைவிட மைனஸ் 7 டிகிரியில் பட்டண ஓட்டத்தில் ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவாகவே கிடைக்கும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. அதே துறைதான் சொல்கிறது, கடும் வெப்பத்தில் ஏர்கோன் போட்டால் மைலேஜ் 25 விழுக்காட்டுக்கு மேலும் சரியலாம், குட்டைப் பயணங்களில் அடி இன்னும் பலம் என்று. தங்கச்சி வேலை செய்யும் தொழிற்சாலை வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. வெந்து கிடந்த காடி குளிர்ந்து முடிப்பதற்குள் வீடு வந்துவிடும். ஓடிய நேரம் முழுக்க ஏர்கோன் உச்சத்தில் ஓடியிருக்கும்.

இனி அந்தத் தண்ணீர். அதைப் பார்த்துவிட்டுத்தான் பட்டறைக்காரர் டேங்கை விட்டுவிட்டார். உள்ளே போய், காற்று வழியை மாற்றும் குமிழைப் பார்த்தார். வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் பக்கம் இருந்தது.

"எப்பவும் இப்படித்தான் வெச்சிருப்பியாம்மா?"

"நல்ல காத்து வரட்டும்னு வெச்சேன் அங்கிள்."

கிள்ளான் பக்கத்துக் காற்று ஈரக் காற்று. 33 டிகிரி மதியக் காற்றைக் குளிரவைக்க ஏர்கோன் முதலில் அதைப் பிழிந்தாக வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரைக் காற்றிலிருந்து பிரிக்க ஏறத்தாழ 2,400 கிலோஜூல் அளவு குளிர் செலவாகிறது. வீடு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்: வெளிக்காற்றையே இழுத்துக்கொண்டிருந்தால், ஏர்கோன் பாடுபடுவதில் பாதிக்கும் மேல் ஈரத்தைப் பிழியவே போகிறது. தரையில் சொட்டியது தண்ணீர்தான், ஆனால் அதற்கு விலை கொடுத்தது எண்ணெய். உள்காற்றையே சுற்றவிட்டால், ஒருமுறை பிழிந்த காற்றைத் திரும்பப் பிழிய வேண்டியதில்லை. தூரப் பயணத்தில் மட்டும் அவ்வப்போது வெளிக்காற்றை விட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் தூக்கம் கண்ணைச் சுழற்றும்.

குமிழைத் திருப்பிவிட்டு, காடி நாள் முழுக்க நிற்கும் தொழிற்சாலையையும் பார்த்துவிட மூவருமாக ஜாலான் மேருவில் இறங்கினோம். முன்னால் ஒரு கொள்கலன் லோரி, பின்னால் ஒரு கொள்கலன் லோரி. இந்த ஜேமில் நின்றுகொண்டே ஏர்கோன் ஓடினால், இஞ்சின் அளவைப் பொறுத்து மணிக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை போகும். மகனை ஏற்ற பள்ளிக்கு வெளியே இவள் தினமும் அரை மணி நேரம் இப்படி நிற்கிறாள். நாளைக்கு ஒரு வெள்ளி. மெதுவாக ஊர்ந்தால் கண்ணாடியை இறக்கிக்கொள்ளலாம் என்பார்கள். லோரிப் புகைக்கு நடுவே, வேலை முடிந்து களைத்து வரும் பெண்ணிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏர்கோன் போடட்டும். காடி வேகாமல் இருந்தால் இவ்வளவு உறிஞ்சாதே என்பதுதான் என் ஆதங்கம்.

வழியில் எண்ணெய் நிலையத்தில் டயருக்குக் காற்றுப் பார்க்க நிறுத்தச் சொன்னேன். பட்டறைக்காரர் தடுத்துவிட்டார். ஓடிச் சூடான டயர் நாலைந்து பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை டயர் தொய்ந்து கிடக்கும், அதற்கும் எண்ணெய் போகும். காலையில், காடி எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டும்.

தொழிற்சாலையின் காடி நிறுத்துமிடத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபமே வந்தது. நூறு காடிக்கு மேல் வெட்டவெளியில் வரிசையாய்க் காய்கின்றன. 2018இல் அரிசோனாவில் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற காடிகளின் டேஷ்போர்ட் சராசரியாக 69 டிகிரி, நிழலில் நின்றவற்றில் 48. இங்கே ஒரு மணி நேரமா நிற்கிறது? எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம். நாலு வரிசைக்குத் தகரக்கூரை போட்டிருந்தால், ஓரத்தில் பத்து மரம் வைத்திருந்தால், இத்தனை வீட்டு எண்ணெய்ச் செலவில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கும். சம்பளக் கணக்கில் ஏறாத பிடித்தம் இது.

மூலையில் ஒரே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் கீழே ஏழு காடிகள் நெருக்கியடித்து நின்றன.

"அந்த இடம் கிடைக்கணும்னா ஏழு மணி ஷிப்டுக்கு ஆறரைக்கே வரணும் அண்ணே" என்றாள் தங்கச்சி. "மவனை எழுப்பி, சாப்பாடு கட்டி, நான் எங்க ஆறரைக்கு வர்றது?"

பட்டறைக்காரர் இறங்கி நாலு கதவையும் திறந்துவிட்டார். "கிளம்பும்போது இதே மாதிரி ஒரு நிமிஷம் திறந்து வை. அப்புறம் ஏர்கோன் போடு. குமிழை மட்டும் திருப்பிராதம்மா."