சந்தைச் செய்தியும் கைதுச் செய்தியும்

எட்டயபுரம் ஆட்டுச் சந்தை சனிக்கிழமை கூடும். தீபாவளிக்கு முந்தைய வாரமும் பக்ரீத்துக்கு முந்தைய வாரமும் கூட்டம் அலைமோதும். அதே ஆடு, அதே தரகர், அதே பேரம். ஆனால் பேப்பரில் இரண்டும் வேறு செய்தி. தீபாவளி என்றால் வரத்து, விலை, ‘விவசாயிகள் மகிழ்ச்சி’. பக்ரீத் என்றால் தொப்பி போட்டவர் ஆட்டைப் பிடித்து நிற்கும் படம் வேண்டும் என்று டெஸ்க்கிலிருந்து போன் வரும். அந்த ஆட்டை விற்று மகள் காலேஜ் பீஸ் கட்டப்போகிற கரிசக்காட்டுச் சம்சாரி படத்தில் இருக்கமாட்டார். நான் விற்றவரையும் வாங்கியவரையும் சேர்த்துத்தான் படம் எடுத்து அனுப்புவேன்.

கோவில்பட்டியில் பகுதிநேர நிருபர் வேலை பார்த்துக்கொண்டு இதையெல்லாம் கவனிக்காமல் இருக்க முடியாது. வெறுப்பை நேராக எழுதினால் யாராவது தட்டிக் கேட்பார்கள். கேட்க ஆளில்லாத இடம் தலைப்பும் படமும்தான்.

பைக் திருட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாரியப்பன் திருடினால் ‘பைக் திருடிய வாலிபர் கைது’. அப்துல்லா திருடினால் பெயர் தலைப்பில் ஏறிவிடும். எஃப்.ஐ.ஆரில் இரண்டு பேருக்கும் பெயர், வயது, தகப்பனார் பெயர், முகவரி என்று ஒரே வரிசைதான். டீக்கடையில் தொங்கும் போஸ்டரில் மூன்று நான்கு வார்த்தைகளுக்குத்தான் இடம். பேப்பர் வாங்காதவனும் அதைப் படித்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறான். ஆகவே என் காப்பியில் வயது, ஊர், தொழில் மட்டும் முதல் பத்தியில் இருக்கும். மதம் அந்தக் குற்றத்தின் காரணமாக இருந்தால் எழுதுவேன். பைக் திருட்டில் அதற்கு என்ன வேலை?

கொரோனா பரவிய 2020 ஏப்ரலை மறக்க முடியாது. டெல்லி நிஜாமுதீன் தப்லீக் ஜமாஅத் கூட்டத்துக்குப் போய்வந்தவர்களைத் தனியாக எண்ணி மாலைதோறும் தமிழகச் சுகாதாரத் துறை கணக்குச் சொன்னது. பிறகு ‘சிங்கிள் சோர்ஸ்’ என்று பெயரை மாற்றினார்கள். அதற்குள் எல்லோருக்கும் அர்த்தம் தெரிந்துபோயிருந்தது. தொற்றுச் செய்தி எதுவானாலும் தொழுகைப் படம் ஒன்றை ஃபைலிலிருந்து எடுத்துப் போட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, அந்தக் கூட்டத்துக்கு வந்த வெளிநாட்டவர் 29 பேர் உள்ளிட்டோர் மீதான வழக்கை ரத்து செய்தது. ஊடகங்களில் இவர்களுக்கு எதிராகப் பெரும் பிரசாரம் நடந்தது என்றும், இவர்கள் பலிகடா ஆக்கப்பட்டிருக்கலாம் என்றும் சொன்னது. எங்கள் பதிப்பில் அது உள்பக்கத்தில் சிங்கிள் காலம்.

இது நம்மூர் வியாதி மட்டுமில்லை. 1995 ஏப்ரலில் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் குண்டு வெடித்து 168 பேர் செத்தபோது, டி.வி.க்காரர்கள் முதல் நாளே அரபு நாட்டுப் பக்கம் கைகாட்டினார்கள். குண்டு வைத்தவர் திமோதி மெக்வே, அமெரிக்க ராணுவத்தில் இருந்தவரேதான். ஹாலிவுட்டில் அரபியர் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று ஜாக் ஷாஹீன் 900க்கும் மேற்பட்ட படங்களைப் பார்த்து 2001இல் ஒரு புத்தகமே போட்டார். நம் பக்கம் ‘துப்பாக்கி’, ‘விஸ்வரூபம்’ படங்கள் வந்தபோது, முஸ்லிம்களைத் தவறாகக் காட்டுகின்றன என்று எழுந்த எதிர்ப்பு ஊரறிந்த கதை.

கரிசலுக்கென்றே ஒரு கதையும் உண்டு. துலுக்க ராஜா பெண் கேட்டதால் ஊரை விட்டு ஓடிவந்தோம் என்ற கதை இங்கே பல வீடுகளில் புழங்குவது. இடைசெவல் கி.ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ நாவலிலும் அது வருகிறது. பாட்டி கதையாக அதை நானும் ரசிப்பேன். அந்த ராஜாவைப் பஜாரில் கடை வைத்திருக்கும் பாய் தலையில் கட்டினால்தான் கோபம் வரும். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பதும் இதே எட்டயபுரத்தில்தானே.

இன்னொரு பழக்கம் வைத்திருக்கிறேன். ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சி, பக்ரீத்துக்குப் பிரியாணி, மீதி நாளெல்லாம் கைது என்றே செய்தி இருந்தால் முஸ்லிம்கள் நம் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்பதே மறந்துபோகும். ஆகவே லைட்டர் வந்து தீப்பெட்டி ஆபீஸ் படுத்துவிட்டது, குடிதண்ணீர் வரவில்லை, உளுந்துக்கு விலையில்லை என எந்தச் செய்திக்கும் கருத்துக் கேட்கிற நாலு பேரில் ஒருவர் பாயாக இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். டெஸ்க்கில் இதுவரை யாரும் வெட்டியதில்லை.

படிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். தேவையில்லாமல் மதத்தை ஏற்றிய தலைப்பைப் பார்த்தால் ஆசிரியருக்கு நாலு வரி எழுதிப் போடுங்கள். நிருபர் சொல்வதைவிட, காசு கொடுத்துப் பேப்பர் வாங்குகிறவர் சொன்னால் அங்கே காதில் விழும்.