தம்பியின் வண்டியும் என் பழைய வேட்டியும்

காருக்கு மெழுகு போடும் துணியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி சிரித்தாள். "முப்பத்து நாலு வருஷம் ஃபைலைத் துடைச்சவருக்கு இப்போ கார் கிடைச்சுதாக்கும்" என்றாள். சிரிக்கட்டும். இந்தக் கதையில் அவளுக்கும் பங்கு உண்டு. எனக்கென்று சொந்தக் கார் ஒருநாளும் இருந்ததில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2021 நவம்பர். எங்கள் கீழ் கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. வாசலில் நிற்கும் சில்வர் ஓக் மரமே தெரியாத அளவுக்கு மூட்டம். அப்படி ஒரு ராத்திரி, பதினோரு மணிக்கு இவளுக்கு வயிற்றில் வலி. சாதாரண வலி இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுத் தம்பியைக் கதவு தட்டி எழுப்பினேன். டாக்சி ஓட்டுகிறவன். அப்போது அவன் வண்டி வாங்கி ஐந்து மாதம்தான். வெள்ளை வாங்கு, அழுக்குத் தெரியாது, விற்கும்போதும் விலை போகும் என்று ஊரே சொல்லியும், காப்பிக்கொட்டை நிறத்தில் பிடிவாதமாக வாங்கியிருந்தான். கடன்தான். மாதாமாதம் தவணை.

எழுந்தவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. மழையில் மண் சரிந்து கிடந்த இடங்களைத் தாண்டி கோத்தகிரி வந்து, அங்கிருந்து மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர் இறக்கம் இறங்கி, விடிவதற்குள் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். பித்தப்பையில் கல். அறுவை சிகிச்சை ஆகி, ஒரு வாரத்தில் வீடு வந்தோம். அவனிடம் பணத்தை நீட்டினேன். "பாட்டிக்கு வண்டி ஓட்டினதுக்குக் காசா தாத்தா?" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். டீசலுக்காவது வாங்கிக்கொள் என்றேன். அதற்கும் மாட்டேன் என்றுவிட்டான்.

வாங்கிய கடனைத் திருப்பாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மறுநாள் அவன் ஏதோ சவாரி முடித்து நள்ளிரவில் வந்து தூங்கிக்கொண்டிருந்தான். வண்டி கதவு உயரத்துக்குச் செம்மண் அப்பிக்கொண்டு நின்றது. அவன் எழுவதற்குள் கழுவி, மெழுகு போட்டு, கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

கார் இல்லாதவனுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். புதுச்சேரியிலிருந்து வந்தது. நான் பிறந்து வளர்ந்தது அங்கே. 1954 நவம்பரில் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்த பிறகும் பிரெஞ்சுப் பள்ளிகள் நடந்தன. நான் அதில் ஒன்றில்தான் படித்தேன். பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய்வந்த 'சொல்தா'. பென்ஷன் பிராங்கில் வரும். அவரிடம் 'பெழோ' கார் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அதைத் துடைப்பதுதான் அவருக்கு இரண்டாம் பூசை. 'ஷாமுவா' தோலை நனைத்துப் பிழிந்து, ஒரே இழுப்பாக இழுப்பார். ஷாமுவா என்பது ஆல்ப்ஸ் மலை ஆடு, நம் வரையாட்டுக்கு ஒருவகையில் ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் கடையில் அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் மீன் எண்ணெயில் பதம் செய்த செம்மறித் தோல்தான். தோலைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை. சக்கரத்தைத் துடைக்க மட்டும் என் கையில் ஒரு 'ஷிஃபோன்' கொடுப்பார்.

ஷிஃபோன் என்றால் பிரெஞ்சில் கந்தல் துணி. பள்ளியில் கரும்பலகை துடைக்கும் துணிக்கும் அதே பெயர்தான். கல்யாணமான புதிதில் இவள் "ஒரு ஷிஃபான் புடவை வேணும்" என்று கேட்டபோது நான் விழித்த விழிப்பை இன்றும் உறவுக்காரர்களிடம் சொல்லிக்காட்டுகிறாள்.

ஆக, எனக்குத் துணி தெரியும் என்று நினைத்தேன். ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய டர்க்கி துண்டு, மெழுகுக்கு என் பழைய வேட்டி. கரை கீறும் என்று அதைக் கிழித்து எறிந்துவிட்டேன். அதுகூடத் தெரியாதவனா நான்? வேட்டி பத்து வருடம் துவைத்துத் துவைத்துப் பூவாக இருந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். இதைவிட மெத்தென்று என்ன வேண்டும் என்று திருப்தி.

மூட்டத்துக்குள் இரண்டு மணி நேரம் வேலை. நடுவில் ஒருமுறை வேட்டித்துண்டு கைநழுவிக் கீழே விழுந்தது. எடுத்து உதறிவிட்டுத் தொடர்ந்தேன். மெழுகு காய்வேனா என்றது. அந்த ஈரத்தில் அது எப்படிக் காயும்? காயாததை அழுத்தித் தேய்த்தேன், வட்டம் வட்டமாக. முடித்தபோது வண்டி மின்னியது. தம்பி வந்து பார்த்து, "எதுக்கு தாத்தா இதெல்லாம்" என்று கூச்சப்பட்டான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

நான்காம் நாள் வெயில் வந்தது.

மலையில் மழைக்குப் பின் வரும் வெயிலை அறிந்தவர்களுக்குத் தெரியும், அது எதையும் மறைக்காது. வண்டியின் மேல்கூரை முழுக்க, முன்மூடி முழுக்க, சிலந்தி வலை பின்னியது போல மெல்லிய வட்டக் கீறல்கள். சூரியனைச் சுற்றிச் சுற்றி நூல் சுற்றிய மாதிரி. இடதுபுறப் பின்கதவில் ஒரு சாண் நீளத்துக்கு நேர்க்கோடாக ஒன்று, நகம் வைத்தால் தடுக்கும் ஆழம். தம்பி பக்கத்தில்தான் நின்றான். பார்த்துவிட்டான் என்று தெரிந்தது. "பரவால்ல தாத்தா. வண்டின்னா கீறல் விழத்தான் செய்யும்" என்றான். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் மனைவியின் தையல் பிரிக்கக் கோயம்புத்தூர் போனோம், அதே வண்டியில். திரும்பும் வழியில் மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறையில் நிறுத்தச் சொன்னேன். வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறவர், என் வயது இருக்கும். வெயிலில் வண்டியைச் சாய்வாகப் பார்த்தார்.

"ஏனுங்க, எதுல தொடச்சீங்க?"

"காட்டன் வேட்டிதாங்க. பழசு. நல்லா மெத்துன்னு இருக்கும்."

"கஞ்சி போட்டதுங்களா?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. வேட்டிக்குக் கஞ்சி போடாமல் இருப்பார்களா?

"கஞ்சியும் ஒண்ணுதானுங்க. ஆனா துணி மட்டும் இத்தனை கீறாது. துணி எதைப் புடிச்சுக்கிட்டுப் போகுதோ அதுதான் கீறும். செம்மண்ணுல மணல் இருக்குது. ஒரே வாளியில துண்டை முக்கி முக்கித் தேய்ச்சிருப்பீங்க. மணல் எங்க போகும்?"

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். வேட்டி நெசவு தட்டையானது. அதில் மயிர் கிடையாது, பள்ளம் கிடையாது. ஒரு மணல் துகள் மாட்டினால் உள்ளே ஒளிய இடமில்லாமல், துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவில் நின்று உருளும். பெரியப்பாவின் ஷாமுவா தோலுக்கும் இதே குறைதான். நன்றாகக் கழுவிய வண்டியில் தண்ணீர் ஒற்ற அது சரி, தூசி வண்டியில் ஆகாது. மெத்தென்று இருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்ப்பது நமக்கான சோதனை, வண்டிக்கானது அல்ல.

அப்படியானால் பெரியப்பாவின் கார் ஏன் கீறவில்லை? அதையும் கேட்டேன். கீறியிருக்கும், தெரிந்திருக்காது என்றார். அந்தக் காலத்து அம்பாசிடர், பத்மினி எல்லாம் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறப் பெயிண்ட். பாலிஷ் போட்டால் துணியில் நிறம் வரும், பழைய தோல் உரிந்து புதுசு தெரியும். இப்போது நிறத்துக்கு மேலே நிறமில்லாத 'கிளியர்' என்று ஒரு பூச்சு. மொத்தப் பெயிண்டுமே 100 மைக்ரானைச் சுற்றித்தான், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம். கிளியர் அதில் பாதி இருக்கும். கீறல் எல்லாம் அந்தப் பாதியில்தான் நிற்கிறது. அடர்நிறத்தில் அப்பட்டமாகத் தெரியும், வெள்ளையில் கண்ணுக்கு அகப்படாது. ஊர் வெள்ளை வாங்கச் சொன்னதில் அர்த்தம் இருந்திருக்கிறது.

அவர் பட்டறையில் திருப்பூரிலிருந்து கிலோ கணக்கில் வரும் பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை கிடந்தது. அது நல்லதா என்றேன். கிரீஸ் துடைக்க நல்லது என்றார். தையல் மடிப்பில் இருப்பது பெரும்பாலும் பாலியஸ்டர் நூல். ஒரு நூலைப் பிரித்துத் தீக்குச்சி காட்டினார். பருத்தி சாம்பலாகப் பொடிந்தது. தையல் நூல் உருகி உருண்டையாகக் கெட்டிப்பட்டது. "இதைத்தான் வண்டி மேல தேய்க்கறாங்க" என்றார். கடையில் விற்கும் மஞ்சள் துணியின் ஓரத் தையலும் அப்படித்தான்.

மெழுகை எடுக்க அவர் காட்டியது மைக்ரோஃபைபர் துணி. பாலியஸ்டரும் நைலானும் சேர்ந்த இழை. இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, உங்களுக்கும் வரும். பாலியஸ்டர் கெடுதல் என்றவர் இதை எப்படிச் சொல்கிறார்? விஷயம் இழையின் மெலிவில் இருக்கிறது. 9000 மீட்டர் நூல் ஒரு கிராம் எடை இருந்தால் அது ஒரு டெனியர். இந்த இழை அதற்கும் கீழே. துணியில் குட்டி குட்டி மயிராக நிற்கிறது. துகள் வந்தால் மயிருக்குள் இறங்கிவிடும், மேலே நின்று உரசாது. சதுர மீட்டருக்கு 300 முதல் 400 கிராம் எடையுள்ளது, ஓரம் தைக்காதது போதுமாம். ஓரத்தில் லேபிள் இருந்தால் முதல் வேலை அதை எடுப்பது. வாங்கும் துணியைப் பழைய சி.டி.யின் பளபள பக்கத்தில் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். கோடு விழுந்தால் அது சமையலறைக்கு.

பிரெஞ்சில் ஒரு பழமொழி உண்டு. அடுப்படித் துணியையும் சாப்பாட்டு மேசைத் துண்டையும் கலக்காதே என்று. மனிதர்களைத் தரம் பிரிக்கச் சொல்லும் பழமொழி, எனக்கு அது பிடிக்காது. ஆனால் கார் துணி விஷயத்தில் அப்படியே பொருந்துகிறது. சக்கரத்துக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று, மெழுகுக்கு ஒன்று. பெரியப்பா அதைச் சரியாகத்தான் செய்தார். நான்தான் அவர் தோல் பிடித்த கையை மட்டும் பார்த்திருக்கிறேன்.

பட்டறைக்காரர் காம்பவுண்ட் போட்டு மிஷினில் வட்டக் கீறல்களை எடுத்துக்கொடுத்தார். எடுப்பது என்றால் கிளியரைக் கொஞ்சம் சீவுவதுதான், அடிக்கடி செய்ய முடியாது. பின்கதவுக் கோட்டைத் தொடவில்லை. அதைத் தேய்த்தால் நிறம் வந்துவிடும் என்றார். தம்பி டீக்கடைக்குப் போயிருந்த நேரத்தில் பணத்தைக் கொடுத்துவிட்டேன். வந்தவன் கோபித்துக்கொண்டான். கோத்தகிரி ஏறும் வரை பேசவே இல்லை. இவள்தான் நடுவில் சமாதானம் செய்தாள்.

இப்போது வருடத்துக்கு மூன்று முறை அவன் வண்டிக்கு நான்தான் மெழுகு போடுகிறேன். ஜனவரியில் வெயில் நன்றாக இருக்கும். வண்டி சூடாகும் முன் நிழலில் நிறுத்துவான். முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை ஓட விடுகிறோம். இரண்டு வாளி, ஒன்று சோப்புக்கு, ஒன்று துண்டை அலச. மெழுகு டப்பாவில் 'கர்நௌபா' என்று போட்டிருக்கிறது. பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையில் ஊறும் மெழுகு. நம் பனைக்குத் தூரத்து உறவு. அதை ஸ்பாஞ்சில் மெல்லிசாக நீளவாக்கில் பூசி, விரலால் இழுத்தால் மாவாக வரும்வரை காத்திருந்து, நாலாக மடித்த துணியால் அழுத்தாமல் எடுக்கிறேன். ஒரு பக்கம் அழுக்கானால் மடிப்பைத் திருப்பினால் எட்டுப் பக்கம் கிடைக்கும். கீழே விழுந்த துணி அன்றைக்கு அவ்வளவுதான். நேரே வாளிக்கு. அந்தத் துணிகளை இவள் தனியாக, துணியை மிருதுவாக்கும் திரவம் எதுவும் விடாமல் துவைக்கிறாள். வேலியில் காயப்போட விடுவதில்லை. அடுக்களைக் கொடியில் தொங்கும். என் வேட்டிக்குக்கூட அந்த மரியாதை கிடையாது.

பின்கதவுக் கோடு அப்படியே இருக்கிறது. போன மாதம் வண்டியை எடுத்துக்கொள்ள ஒருவர் விலை பேச வந்தார். கோட்டைத் தடவிப் பார்த்து, இது எப்படி என்று கேட்டார். நான் வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன். தம்பி என் பக்கம் திரும்பாமலே, "எங்க தாத்தா போட்டதுங்க" என்றான். அவர் சொன்ன விலை கட்டவில்லை என்று வண்டியைக் கொடுக்கவில்லை.