தாடியை எடுத்ததன் காரணம்



கடந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாக, ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நிற்கும்போது உங்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள்: "ஐயா, தாடியை ஏன் எடுத்துவிட்டீர்கள்?" சிலர் அதைப் பொருத்தனை என்று எண்ணினீர்கள். ஒரு தாயார் எனக்கு ஏதோ தோல்நோய் என்று கவலைப்பட்டு, களிம்பே வாங்கி வந்துவிட்டார். மூத்த சபையார் ஒருவர், ஆரோனுடைய தாடியில் வழிந்த தைலத்துக்கு இனி இடமில்லையே என்று சிரித்தார். அனைவருக்கும் என் பதில் ஒன்றே: மரத்தூளை முன்னிட்டு எடுத்தேன்.

குருமனையின் பின்புறக் கொட்டகையில் நான் வைத்திருக்கும் கடைசல் இயந்திரத்தை நீங்கள் அறிவீர்கள். அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைந்து எங்களை வளர்த்தவர் என் தகப்பனார். அந்தக் கைப்பழக்கம் என்னை விடவில்லை. பீடத்தின் முன் நாம் முழங்காற்படியிடும் கிராதிக்குப் புதிய கால்களைக் கடைந்து தருவதாக நானே வலிய ஏற்றுக்கொண்டேன். தண்டலத்தில் மரத்துக்குப் பஞ்சமில்லை. ஒரகடத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் இயந்திர உறுப்புகளைச் சுமந்துவரும் பேலட் கட்டைகள் பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. (வாங்குவோர் கட்டையில் பொறித்த முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். 'எச்டி' என்றால் வெப்பத்தால் பதப்படுத்தியது. 'எம்பி' என்றால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப்புகை காட்டியது. அதைக் கடையவும் வேண்டாம், அடுப்பில் வைக்கவும் வேண்டாம்.)

அப்படி வாங்கிய ஒரு கட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஒன்று இருந்தது. சுழலும் வேகத்தில் அது பிளந்து, ஒரு சில்லு என் மூக்குக்கண்ணாடியை உடைத்துப் புருவத்தைக் கிழித்தது. இரண்டு தையல். அன்று மாலை என்னைப் பார்க்க வந்த நம் வாலிபர் ஒருவர் தொழிற்சாலையில் பணிபுரிகிறவர். அவர் அனுதாபம் சொல்லவில்லை. "ஐயா, பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் நாங்கள் இயந்திரத்தருகே நின்றால் மேற்பார்வையாளர் வெளியே அனுப்பிவிடுவார். உங்களை யார் வெளியே அனுப்புவது?" என்றார். மறுவாரம் முகம் முழுவதையும் மறைக்கும் பாலிகார்பனேட் தடுப்பொன்றைக் கொண்டுவந்து தந்தார். சில்லு வந்தால் பார்வைக்கண்ணாடி தாங்காது, இது தாங்கும் என்றும், கட்டையைப் பூட்டி முதன்முதலில் சுழல விடும்போது அதன் நேர் எதிரே நிற்கவே கூடாது என்றும் எனக்குப் பாடம் நடத்தினார்.

அத்துடன் எல்லாம் சரியாயிற்று என்றிருந்தேன். ஆனால் முகத்தடுப்பு சில்லைத்தான் நிறுத்தும். அதன் கீழ்ப்புறம் திறந்திருப்பதால் தூள் தடையின்றி உள்ளே வரும். உளி சீவித் தள்ளும் சுருள்கள் கனமானவை, காலடியில் விழுந்துவிடும். உப்புத்தாள் பிடித்து மெருகேற்றும்போது எழும் தூள் அப்படிப்பட்டதன்று. அதில் மிக நுண்ணியது கண்ணுக்கே தெரியாமல் நுரையீரலின் ஆழம்வரை செல்லும்.

என் தகப்பனார் மூக்கைச் சுற்றி ஈரத்துண்டு கட்டிக்கொள்வார். இரவில் ஒரு துண்டு வெல்லம் தின்பார், தூசி இறங்கிவிடுமாம். வெல்லம் போவது வயிற்றுக்கு, தூசி போவது நெஞ்சுக்கு என்று அவருக்கு எடுத்துச்சொல்ல எங்களில் யாருக்கும் அறிவில்லை. போதாததற்கு, சுழலும் மரத்தருகே தொங்கும் துணி தனி ஆபத்து. கடைசி எட்டு ஆண்டுகள் அவர் படுத்து உறங்கியதில்லை. சுவரில் சாய்ந்து இருமிக்கொண்டே விடியவைப்பார். மரத்தூளினால்தான் என்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை. நானும் அப்படி அறுதியிட்டுச் சொல்லமாட்டேன்.

ஆனால் வேறொரு தேசத்தில் ஒருவர் இதைக் கவனித்தார். இங்கிலாந்தின் ஹை விக்கம், நாற்காலி செய்வதற்குப் பேர்போன ஊர். அங்கே பணியாற்றிய எஸ்மி ஹாட்ஃபீல்டு என்னும் காது மூக்கு தொண்டை மருத்துவர், மூக்கின் உட்குழிகளில் மிக அரிதாகத் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய் மரச்சாமான் தொழிலாளரிடம் மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டார். அவரும் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த மருத்துவர்களும் அதை ஆராய்ந்து 1968-இல் வெளியிட்டனர். தூளைச் சுவாசித்த காலத்துக்கும் நோய் வெளிப்பட்ட காலத்துக்கும் இடையே பல பத்தாண்டுகள் கடந்திருந்தன. 1995-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பிலேயே சேர்த்தது.

இதைப் படித்தபின் கொரோனா காலத்தில் அலமாரியில் வைத்த என்-95 கவசத்தை எடுத்து அணிந்தேன். மூச்சை வெளிவிட்டபோது கன்னத்தோரம் காற்று பிதுங்கிற்று. கவசம் தோலோடு ஒட்டினால்தான் வடிகட்டும். மயிர் இருந்தால் காற்று அதன் வழியே குறுக்குவழி கண்டுபிடித்துவிடும். இருபத்திரண்டு ஆண்டுத் தாடி. மோட்டார் வைத்துக் காற்றை வடிகட்டித் தரும் தலைக்கவசம் உண்டு, தாடிக்காரருக்கும் பொருந்தும். விலையைக் கேட்டுவிட்டுச் சவரக்கத்தியைத் தேடினேன்.

உண்மையில் எனக்காக மட்டும் என்றால் எடுத்திருப்பேனோ என்னவோ. புதுவீடு கட்டுகிறவன் மெத்தைக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்று உபாகமம் 22-ஆம் அதிகாரம் கட்டளையிடுவதைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அந்தச் சுவர் வீட்டுக்காரனைவிட, அவன் வீட்டுக்கு வருகிறவர்களுக்காக. இயந்திரத்தை நிறுத்திய பிறகும் நுண்தூள் நெடுநேரம் காற்றில் மிதக்கும். நான் வெளியேறியதும் கொட்டகையைத் துடைப்பத்தால் கூட்டியது என் மனைவி. அங்கே சுருள்களைப் பொறுக்கி விளையாடியது என் பேத்தி. இத்தனை ஆண்டுகளாக அவர்களுடைய மூச்சைப்பற்றி நான் ஒருமுறையேனும் நினைத்ததில்லை. கர்த்தரிடத்திலும் என் மனைவியிடத்திலும் இதை அறிக்கையிட்டேன்.

இப்போது கொட்டகையின் இரு சன்னல்களும் திறந்திருக்கின்றன. ஒன்றில் தூளை வெளியே இழுக்கும் விசிறி. வேலை முடிந்து ஒரு மணிநேரம் யாரும் உள்ளே வருவதில்லை. ஈரத்துணியால் துடைப்பது என் வேலையாகிவிட்டது. கவசத்தைக் கடைசியில்தான் கழற்றுகிறேன். கிராதிக்கு இன்னும் ஆறு கால்கள் கடையவேண்டும். உயிர்த்தெழுந்த பண்டிகைக்குள் முடித்துவிடுவேன். பேத்திதான் இன்னும் என் மடிக்கு வர மறுக்கிறாள். இது யாரோ புதுத் தாத்தாவாம்.