கையை எடுத்தால் திரும்பாது

அக்டோபர் 12, 2025, ஞாயிறு

கார் நிற்க வேண்டிய இடத்தில் இன்று மாலையிலிருந்து ஒரு வாட்டர் ஸ்கூட்டர் நிற்கிறது. டிரெய்லர் மேல் ஏறி, தார்ப்பாய் போர்த்திக்கொண்டு, கல்யாண வீட்டு வாசலில் கட்டிய யானை மாதிரி. இவரும் பக்கத்து வீட்டு சிவா அண்ணாவும் சரிபாதி போட்டு வாங்கியது. பழையதுதான்.

"ஸ்கூட்டர்தானே, நீ பதினைஞ்சு வருஷம் ஓட்டின வண்டிதான்" என்றார் இவர். ஆதம்பாக்கத்திலிருந்து தரமணிக்கு நான் ஸ்கூட்டியில் வேலைக்குப் போன காலத்தைச் சொல்கிறார். பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. ஹாண்டில்பார், வலது கைப் பக்கம் வேகம் கொடுக்கும் விசை, பின்னால் இருவர் உட்காரும் சீட். எடை மட்டும் முந்நூறு கிலோவுக்கு மேல்.

சிட்னியில் இதை எல்லோரும் ஜெட் ஸ்கி என்கிறார்கள். அது கவாஸாகி கம்பெனி வைத்த பெயர். ஜெராக்ஸ் மாதிரி எல்லா வண்டிக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. சட்டப் புத்தகத்தில் பி.டபிள்யூ.சி. என்று மூன்றெழுத்து. மகன் கவினுக்குப் பதினாறு வயது முடிந்துவிட்டதால் லைசென்ஸ் எடுக்கலாமாம். அவன் எடுத்தால் நானும் எடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

அக்டோபர் 15, புதன்

ராத்திரி அரசாங்கக் கையேட்டைப் படித்தேன். நியூ சவுத் வேல்ஸில் சாதாரண மோட்டார் படகை 10 நாட் வேகத்துக்குக் கீழே ஓட்ட லைசென்ஸ் தேவையில்லை. இதற்கு மட்டும் ஊர்ந்து போனாலும் லைசென்ஸ் வேண்டும். சூரியன் மறைந்தால் தண்ணீரில் இருக்கக் கூடாது. லைஃப் ஜாக்கெட் எப்போதும் உடம்பில் இருக்க வேண்டும், பின்னால் உட்காருபவருக்கும்.

ஆபரா ஹவுஸுக்கு முன்னால் ஓட்டிப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பலாம் என்று ஒரு ஆசை இருந்தது. சிட்னி துறைமுகத்துக்குள் இந்த வண்டிக்கு 2001 முதல் தடை. கவினிடம் சொன்னேன். "அது தெரியாமலா அப்பா வாங்கினார்?" என்றான். இவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இன்னொன்று. இங்கே சாலையில் நம் ஊர் மாதிரியே இடது பக்கம் போகிறோம். தண்ணீரில் வலது பக்கம். எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். முப்பது வருஷமாக இடது ஓரம் பழகிய புத்தி நெருக்கடியில் எந்தப் பக்கம் ஒதுங்கும்?

அக்டோபர் 19, ஞாயிறு

சிவா அண்ணாவுக்குப் பூர்வீகம் குருநகர். அப்பா வள்ளம் வைத்திருந்தவர். இன்று டிரெய்லருக்கு அடியில் குனிந்து வண்டியின் வயிற்றைக் காட்டினார். அங்கே ஒரு கம்பித் தட்டி இருக்கிறது. அதன் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே சுழலும் விசிறி அழுத்தம் ஏற்றி, பின்னால் ஒரு குழாய் வழியாகப் பீய்ச்சுகிறது. அந்தப் பீய்ச்சலின் எதிர்விசையில்தான் வண்டி முன்னே போகிறது. ஹாண்டிலைத் திருப்பினால் அந்தக் குழாய் வாய் மட்டும் இடம் வலம் அசைகிறது.

"தங்கச்சி, இதுக்குச் சுக்கான் இல்லை, பாத்தீங்களோ. எங்கட அப்பான்ர வள்ளத்திலை இஞ்சின் நிண்டாலும் ஓடுற ஓட்டத்திலை சுக்கானைப் பிடிச்சுத் திருப்பலாம். இது தண்ணி அடிச்சால்தான் திரும்பும்."

தலையாட்டினேன். புரிந்த மாதிரிதான் இருந்தது. அதைவிட அந்தக் கம்பித் தட்டியைப் பார்த்தபோது எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்து வயிற்றைப் பிசைந்தது. கல்யாணமான புதிதில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு இடத்தில், சுடிதார் துப்பட்டாவோடு, கொக்கி மாட்டாத ஜாக்கெட்டோடு, முன்பின் தெரியாத பையன் ஓட்ட ஐந்து நிமிஷம் இப்படியொரு வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். இருநூறு ரூபாயோ என்னவோ. துப்பட்டா காற்றில் பறந்ததை இவர் கரையிலிருந்து படம் பிடித்தார். அந்தப் படம் இன்னும் ஆல்பத்தில் இருக்கிறது. கயிறு, தலைமுடி, துணி எது தொங்கினாலும் இந்தத் தட்டி இழுத்துக்கொள்ளும்.

அக்டோபர் 25, சனி

ஒரு நாள் வகுப்பு. பத்துப் பேரில் எனக்குத்தான் வயது அதிகம். சொல்லிக்கொடுத்த அம்மாளுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். வெயிலில் காய்ந்த புளியங்கொட்டை நிறம், குரல் மட்டும் மீன் சந்தைக் குரல்.

காலையில் பாடம். மதியம் தண்ணீர். மூன்று ஆரஞ்சு மிதவைகளைப் போட்டுவிட்டு, "மூன்றும் குழந்தைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். மிதவையை நோக்கி நேராக வர வேண்டும், அவர் விசில் ஊதியதும் விலகிப் போக வேண்டும், அவ்வளவுதான்.

என் முறை. வேகம் ஒன்றும் பெரிதில்லை, நம் ஊர்த் தெருவில் ஸ்கூட்டி போகிற வேகம். விசில் கேட்டது. ஆட்காட்டி விரல் விசையை விட்டது, இரண்டு கையும் ஹாண்டிலை இடது கோடிக்குத் திருப்பின. குறுக்கே மாடு வந்தால் என்ன செய்வேனோ அதையேதான் செய்தேன். ஹாண்டில் திரும்பியது. வண்டி திரும்பவில்லை. என் கையில் இருந்தது எதனோடும் இணைப்பில்லாத ஒரு குழாய் என்பது போல, பூப்போல நேராகப் போய், மிதவை மேல் ஏறியது. அடியில் டொக் என்று ஒரு சத்தம்.

அந்த அம்மாள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "எல்லோரும் முதலில் இதைத்தான் செய்வார்கள். கார் ஓட்டத் தெரிந்தவர்கள் கட்டாயம் செய்வார்கள்" என்றார். விரலை எடுத்ததும் பீய்ச்சல் நின்றுவிடுகிறது. பீய்ச்சல் இல்லாவிட்டால் குழாய் வாய் எந்தப் பக்கம் பார்த்தால் என்ன? ஓடி வந்த வேகத்தில் வண்டி தன் பாட்டுக்கு நேரே வழுக்கும். விலக வேண்டுமானால் விசையைப் பிடித்தபடியே திருப்ப வேண்டும். பயத்தில் கை விடத் துடிக்கிற அதே நொடியில், விடாமல் அழுத்த வேண்டும்.

இரண்டாம் தடவையும் மிதவை. மூன்றாம் தடவை பாதி விட்டேன், உரசிக்கொண்டு போனேன். நான்காவதில்தான் விலகினேன். கவின் முதல் தடவையே விலகிவிட்டான். அவனுக்குத்தான் மறக்க வேண்டியது ஒன்றுமில்லையே, ஸ்கூட்டி ஓட்டியதில்லை.

பிரேக் வைத்த வண்டிகள் 2009 வாக்கில் வந்துவிட்டன. பின்குழாயின் மேல் ஒரு மூடி இறங்கிப் பீய்ச்சலை முன்பக்கம் திருப்பிவிடும். விசையை விட்டபின் ஹாண்டிலைத் திருப்பினால் தானே கொஞ்சம் உந்துதல் கொடுக்கும் வண்டிகளும் உண்டு. எங்கள் பழைய யானையில் பிரேக் கிடையாது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அம்மாள் பெண்கள் எங்கள் நால்வரையும் தனியாக அழைத்துச் சொன்னது ஒன்று உண்டு. பின்சீட்டிலிருந்து பின்பக்கமாக விழுந்தால் நேரே பீய்ச்சலின் வாயில் விழுவோம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் உடம்பின் கீழ்த் துவாரங்களுக்குள் புகுந்து உள்ளே கிழித்துவிடும். வண்டியின் மேலேயே எச்சரிக்கை ஒட்டியிருக்கிறது, பொடி எழுத்தில். சாதாரண நீச்சலுடை இதைத் தடுக்காது. வெட்சூட் துணியில் தைத்த தடித்த அரை டவுசர் வேண்டும். ஆண்களுக்கும் இதே ஆபத்துதான். ஆனால் அவர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள் என்பதால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு முறையும் பெண்களிடம் தனியாக ஒரு முறையும் சொல்வாராம்.

இரண்டு பேரும் பாஸ்.

அக்டோபர் 26, ஞாயிறு

தோள், முன்னங்கை, ஆட்காட்டி விரல் எல்லாம் வலி. படுத்துக்கொண்டே தேடிப் படித்தேன். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1998இல் இந்த வண்டிகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறது. மற்ற உல்லாசப் படகுகளில் சாகிறவர்கள் பெரும்பாலும் மூழ்கிச் சாகிறார்கள். இதில் மட்டும் மூழ்கிச் செத்தவர்களைவிட மோதி அடிபட்டுச் செத்தவர்கள் அதிகம் என்கிறது.

'எனக்கு நீச்சல் தெரியும், என்ன பயம்' என்று நேற்றுக் காலையில் நான்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ஜார்ஜஸ் ஆற்றில் முதல் நாள். சான் சூசி பக்கம் இறக்கினோம். கேப்டன் குக் பாலத்துக்குக் கிழக்கே ஆறு பாட்டனி விரிகுடாவோடு சேர்கிறது. விமானங்கள் தாழ்வாக இறங்குவது தெரியும்.

ஓட்டுவதற்கு முன் சிவா அண்ணா விழுவதைப் பழகச் சொன்னார். ஓட்டுபவர் மணிக்கட்டிலிருந்து வண்டிக்கு ஒரு சுருள் கயிறு. விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு வரும், என்ஜின் நிற்கும். அது இல்லாவிட்டால் நாம் ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமுமாகப் போவோம். இங்கே அதைக் கட்டாமல் ஓட்டுவது குற்றம். வண்டி கவிழ்ந்தால் எந்தப் பக்கமாகப் புரட்ட வேண்டும் என்று பின்புறம் அம்புக்குறி இருக்கிறது. தப்பான பக்கம் புரட்டினால் என்ஜினுக்குள் தண்ணீர் போகலாம். ஏறுவது எப்போதும் பின்பக்கமாக, என்ஜின் நின்றபின்.

விழுவது எளிதாக இருந்தது. ஏறுவதுதான் பாடு. ஈரமான ஜாக்கெட்டும் இந்த உடம்பும் சேர்ந்து, மூன்று தடவை முழங்கால் வரை ஏறி வழுக்கினேன். கோடையில் இந்த ஆற்றில் காளைச் சுறா வரும் என்று இவர் கரையிலிருந்து குரல் கொடுத்தார். நான்காம் தடவை எப்படி ஏறினேன் என்றே தெரியவில்லை.

சாயங்காலம் வடகிழக்குக் காற்று எழுந்து தண்ணீர் நொறுங்க ஆரம்பித்தது. அண்ணா உடனே கரையேறச் சொல்லிவிட்டார். "காத்து மாறினால் கதை முடிஞ்சுது, ஏத்துங்கோ." கவினுக்கு இன்னும் ஒரு மணி நேர வெளிச்சம் மிச்சமிருந்தது பெரிய குறை.

நவம்பர் 22, சனி

கவினோடு சண்டை. வீடுகள் இருக்கும் கரையோரத்தில் ஒரு பெரிய படகு கிளப்பிவிட்ட அலை மேல் ஏறித் தாவினான். சும்மா ஒரே ஒரு தடவையாம். கரையிலிருந்து 200 மீட்டருக்குள், வீடுகளின் கண்ணெதிரே, வளைத்து வளைத்து ஓட்டுவதும் வட்டமடிப்பதும் அலை தாவுவதும் கூடாது என்பது சட்டம். சத்தத்துக்காகவும்தான். ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைக் கெடுக்கிற இந்த வண்டிக்காரர்கள் மேல் ஆற்றங்கரைக்காரர்களுக்கு உள்ள கோபம் எனக்குப் புரிகிறது. நானே அந்த வீடுகளில் ஒன்றில் இருந்தால் மனு எழுதுவேன்.

"தண்ணியில ஆளே இல்லம்மா."

"ஆள் இல்லைங்கிறது உனக்கு எப்படித் தெரியும்?"

கணக்குப் போட்டுக் காட்டினேன். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு நொடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் போகிறோம். தண்ணீரில் இருக்கும் மனிதரிடமிருந்து விட வேண்டிய 60 மீட்டர் நான்கு நொடிகூட இல்லை. படகிலிருந்து விட வேண்டிய 30 மீட்டர் இரண்டு நொடிகூட இல்லை. தண்ணீருக்கு மேலே தெரிவது ஒரு தேங்காய் அளவுத் தலை, அதுவும் வெயில் பளபளப்பில்.

கதவைச் சாத்திக்கொண்டான். அந்த வெட்சூட் டவுசரையும் போட மாட்டானாம். நண்பர்கள் சிரிக்கிறார்களாம். அவனுடைய மற்ற நீச்சல் டவுசர்களையெல்லாம் எடுத்து என் புடவை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இது நியாயமில்லை என்று எனக்கும் தெரியும்.

நவம்பர் 30, ஞாயிறு

நான் ஓட்ட, கவின் பின்னால். எழுதாமல் விட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் இருக்கும், அதனால் நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

நங்கூரம் போட்ட பாய்மரப் படகுகளின் வரிசையைத் தாண்டும் வரை ஊர்ந்துதான் வந்தேன். கடைசிப் படகுக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் இருக்கும்போதே, தாண்டிவிட்டோம் என்ற நினைப்பில் விசையை அழுத்தினேன். தப்பு அங்கேதான். முப்பது மீட்டர் என்று மகனுக்குக் கணக்குப் பாடம் எடுத்தவள்.

அந்தக் கடைசிப் படகின் மறைவிலிருந்து ஒரு கயாக் வந்தது. மஞ்சள் நிறம், வெள்ளைத் தொப்பி வைத்த முதியவர். அவருடைய துடுப்பு தண்ணீருக்கு மேலே நின்றதைப் பார்த்தேன். விரல் கொஞ்சம் தளர்ந்தது. தளர்ந்தது எனக்குத் தெரிந்தது. மறுபடி அழுத்தி வலது பக்கம் ஒடித்தேன். வண்டி சாய்ந்து, கயாக்கின் முனைக்கு இரண்டு ஆள் தூரத்தில் கடந்து போனது. முதுகுக்குப் பின்னால் பாரம் இல்லை. என் ஜாக்கெட்டைப் பிடித்திருந்த கைகள் இல்லை.

கயிற்றைப் பிடுங்கினேன். என்ஜின் அடங்கியது. அந்த அமைதியில் திரும்பிப் பார்க்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் என்று தெரியாது.

கவின் பின்னால் மிதந்துகொண்டிருந்தான். ஜாக்கெட் அவனை முகவாய் வரை தூக்கிப் பிடித்திருந்தது. இருமினான். "சொல்லிட்டுத் திருப்ப மாட்டியாம்மா?" என்றான். நீந்தி வந்து பின்பக்கமாக ஏறி உட்கார்ந்தான். அவன் கை என் தோளில் நடுங்கியதா, என் தோள்தான் நடுங்கியதா, தெரியவில்லை.

ஊர்ந்து போய் அந்த முதியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை. பையனைப் பார்த்து, அடிபட்டதா என்று கேட்டுவிட்டுத் துடுப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் யாரும் பேசவில்லை. வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி, தார்ப்பாய் போர்த்தி, கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினேன். இப்போது மணி பதினொன்று. கொல்லைப்புறக் கொடியில் அவனுடைய கறுப்பு டவுசர் காய்கிறது. வேறு டவுசர் கிடைக்காததால்தான் இன்று போட்டுக்கொண்டு வந்தான்.