எங்கள் ஊர் மேல்மண்

'உங்க ஊர்ல தங்கம் கிடைக்குமா?' என்று அலுவலக நண்பர்கள் கேலி செய்வார்கள். கிடைக்காது. கோலார் தங்கம் 250 கோடி ஆண்டுகளுக்கும் பழைய கடினப் பாறையில் இருக்கிறது. எங்கள் சேத்தியாத்தோப்பு வண்டல் பூமி. அடியில் இருப்பது பழுப்பு நிலக்கரி. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதைந்த காடு.

1935-ல் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக வெளிவந்தது அதுதான். பிறகு ஊர் ஊராகத் துளையிட்டு, கரி எவ்வளவு ஆழத்தில், எத்தனை தடிமனில் இருக்கிறது என்று கணக்கிட்டார்கள்.

2023-ல் ஒன்றிய அரசின் ஏலப் பட்டியலில் 'சேத்தியாத்தோப்பு கிழக்கு' என்று பார்த்ததும், செய்தி அடித்துக்கொண்டிருந்த என் விரல்கள் நின்றுவிட்டன. அன்று மாலை அப்பா போனில் கேட்டார்: "நம்ம வயலும் அதுல வருதாப்பா?" என்னிடம் பதில் இல்லை.

விவசாயிகள் கொதித்தார்கள். தமிழக அரசும் எதிர்த்தது. ஏப்ரல் 8-ம் தேதி மைக்கேல்பட்டி, வடசேரியோடு எங்கள் ஊரையும் ஏலத்திலிருந்து நீக்குவதாக அறிவிப்பு வந்தது. இப்போதைக்கு நிம்மதி. ஆனால் கரி அங்கேயேதான் இருக்கிறது.

சுரங்கக் கணக்கில், கரிக்கு மேலே உள்ளதெல்லாம் அள்ளி அகற்ற வேண்டிய 'மேல்மண்'. அப்பா சம்பா நடுவது அந்த மேல்மண்ணில்தான்.