மீட்டரில் 14.1

அந்த ஜாப் கார்டின் கடைசி வரி பொய். எழுதியவன் நான்.

“ரீகால் பற்றி வாடிக்கையாளரிடம் சொல்லப்பட்டது. பிறகு வருவதாகச் சொல்லிச் சென்றார்.” மற்ற வரிகளைவிடக் கொஞ்சம் அழுத்தி எழுதியிருக்கிறேன். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. விபத்து நடந்த மூன்றாம் நாள் சாயங்காலம், எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், ஃபைலை உருவி எடுத்து அந்த வரியைச் சேர்த்தேன்.

தர்மபுரியில் ஒரு பைக் சர்வீஸ் சென்டரில் பதினோரு வருடமாக சர்வீஸ் அட்வைசர் வேலை பார்க்கிறேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். கம்பெனி தன் கோளாறைக் கண்டுபிடித்துக் கடிதம் அனுப்பிவிட்டது. அதற்குப் பிறகு நடந்தது என் கணக்கு.

கோளாறு ரெகுலேட்டரில். கைக்குள் அடங்கும் அலுமினியப் பெட்டி அது. மேக்னட் காயிலில் பிறக்கும் ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக்கி, 14 வோல்ட்டை ஒட்டி நிறுத்தி, பேட்டரிக்கு அனுப்பும். அந்த வேலையில் பெட்டி நன்றாகச் சூடாகும். சூடு வெளியேறத்தான் முதுகில் வரிவரியாகத் தகடுகள். 2012-இல் சுசுகி தன் பெரிய பைக்குகளை அமெரிக்காவில் மட்டும் 73,000-க்கு மேல் திரும்ப அழைத்தது இந்த உறுப்புக்காகத்தான். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு வெளிக்கூட்டோடு சரியாக ஒட்டவில்லை. சூட்டில் போர்டு வளைந்தது, பேட்டரிக்குச் சார்ஜ் குறைந்தது. எங்களுக்கு வந்த கடிதம் வேறு கம்பெனியுடையது. நோய் ஏறக்குறைய அதே நோய். வண்டி ஆறியிருக்கும்போது எல்லாம் சரியாகக் காட்டும். சூடேறியதும் சார்ஜிங் விழுந்துவிடும்.

பழைய கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் பேட்டரி செத்தாலும் பலதும் கிக்கரை உதைத்து வீடு வந்து சேர்ந்துவிடும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டி அப்படியில்லை. பெட்ரோல் பம்ப் ஓடவே மின்சாரம் வேண்டும். பேட்டரி இறங்கினால் இன்ஜின் நிற்கும், விளக்கும் போகும். கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம் என்று ஹெட்லைட்டை அணைக்கவும் முடியாது. 2017-க்குப் பிறகு வந்த வண்டிகளில் அதற்கு சுவிட்சே இல்லை. இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. புதுப் பையன்களுக்கு இதைப் பாடமாக நடத்துகிறவன் நான்.

கடிதத்தோடு எங்கள் சென்டருக்கு உரிய சேசிஸ் நம்பர் பட்டியலும் வந்தது. ஒவ்வொருவரையும் கூப்பிடச் சொன்னார்கள். பாதிப் பேரைக் கூப்பிட்டேன். மாற்ற வேண்டிய ரெகுலேட்டர் இன்னும் வந்து சேரவில்லை. நான் கூப்பிட்டவர்கள் எல்லாம் ஒரே கேள்வி கேட்டார்கள்: “பார்ட் இல்லாம எதுக்கு சார் போன் பண்றீங்க?” இரண்டு பேர் கத்தினார்கள். அதோடு மீதிப் பேருக்கு நேராக “தொடர்புகொள்ள இயலவில்லை” என்று போட்டுவிட்டேன். அந்த வரிசையில் அவர் பெயரும் இருந்தது. அவர் நம்பரை நான் ஒரு தடவைகூட அழுத்தவில்லை.

அவர் பூக்காரர். அரை ஏக்கர் குத்தகை நிலத்தில் சம்பங்கி. விடிவதற்குள் சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கு மூட்டையோடு போய்ச் சேர வேண்டும். தர்மபுரியைவிடக் கிலோவுக்குப் பத்து இருபது கூடக் கிடைக்கும் என்பதற்காகத் தினமும் தொப்பூர் கணவாய் இறங்குகிற மனிதர். ஒரு சனிக்கிழமை, நான் கூப்பிடாமலே, அவராகவே வந்தார். “செல்ஃப் எடுக்க மாட்டேங்குது சார். லைட்டு நடுவுல மங்குது.”

வண்டியைத் தொடாமலே சொல்லிவிட்டேன், பேட்டரி போயிருக்கிறது என்று. எஸ்டிமேட்டும் எழுதிவிட்டேன். ஒரு பேட்டரி விற்றால் எனக்கு எழுபத்தைந்து ரூபாய் இன்சென்டிவ். அதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஐ.டி.ஐ. முடித்து மூன்று மாதமே ஆன ஒரு பையன் மீட்டர் வைத்துப் பார்த்தான். ரேஸ் பண்ணும்போது 14.1. ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். சார்ஜிங் நன்றாக இருக்கிறது, கோளாறு பேட்டரிதான் என்று சொல்ல எனக்கு வசதியாகிவிட்டது. அவன் அதோடு விடவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, மறுபடி மீட்டர் வைத்தான். கிரீஸ் விரலோடு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுவந்து நீட்டினான். 12.3.

“அண்ணா, சூடானதும் சார்ஜிங் விழுது. அன்னைக்கு மெயில்ல வந்துச்சே, அதானே இது?”

என் மேஜையைச் சுற்றி ஆறேழு வாடிக்கையாளர்கள். பூக்காரரும் நிற்கிறார். அவன் சொன்னது சரி என்று அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. இங்கேதான் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு நான் குழம்பவில்லை. ஒத்துக்கொண்டால் என் வாயால் சொன்னது தப்பாகும், நேற்று வந்த பையன் முன்னால். வண்டியை ஓட்டக் கூடாது என்று நிறுத்தி வைக்க வேண்டும். பார்ட் எப்போது வரும் என்று அவர் கேட்பார். என்னிடம் பதில் இல்லை. முன்பே ஏன் கூப்பிடவில்லை என்பார். அதற்கும் இல்லை.

“முதல்ல மீட்டர ஒழுங்காப் புடிக்கக் கத்துக்க. அப்புறம் எனக்குச் சொல்லு” என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் முகம் சிவந்து போய்விட்டது. சீட்டை வாங்கி டிராயரில் போட்டேன்.

கிளம்பும்போது பூக்காரர் கேட்டார், “ராத்திரியில போறவன் சார். நம்பிப் போலாமா?”

“புது பேட்டரிண்ணா. கண்ண மூடிக்கிட்டுப் போங்க.”

புது பேட்டரி என்பதால் பதினோரு நாள் தாங்கியது. பழசாக இருந்திருந்தால் ஊருக்குள்ளேயே நின்றிருக்கும், திரும்ப எங்களிடமே தள்ளிக்கொண்டு வந்திருப்பார். நான் விற்ற பேட்டரிதான் அவரைக் கணவாய் வரை கொண்டுபோனது.

மீதியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் சொல்லிக் கேட்டேன். விடிகாலை மூன்று மணி இருக்குமாம். ஹெட்லைட் மஞ்சளாகி, மீட்டர் அணைந்து, இறக்கத்தில் இன்ஜின் நின்றது. பின்விளக்கும் இல்லை. இடது ஓரத்துக்கு உருட்டிக்கொண்டு போய், ஒரு கையால் மூட்டையைப் பிடித்தபடி இன்னொரு கையில் செல்போன் டார்ச்சை எரியவிட்டிருக்கிறார். பின்னால் வந்த லாரிக்காரர் கடைசி நேரத்தில் பார்த்து ஒடித்தும் உரசிவிட்டது. தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். இப்போதும் வலது கால் மடங்குவதில்லை. நடுராத்திரியில் பறிக்கும் பூவை அவர் மனைவி உள்ளூர் வியாபாரியிடம் அந்த வியாபாரி சொல்லும் விலைக்குக் கொடுக்கிறார்.

ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். பூக்காரர் தன் மனைவியிடம், “நல்ல மனுசன். கடையிலிருந்து இவர் ஒருத்தர்தான் எட்டிப் பார்த்தார்” என்றார். பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார்கள். குடித்தேன். அப்போது ஜாப் கார்டில் அந்த வரியை எழுதி இரண்டு நாள் ஆகியிருந்தது.

கம்பெனியிலிருந்து விசாரிக்க வந்தார்கள். கார்டைக் காட்டினேன். ரீகால் பற்றிச் சொல்லியாயிற்று என்று என் வரி. 14.1 என்று பையனின் கையெழுத்து. 12.3 எங்கும் இல்லை. சரியாகச் சோதிக்கவில்லை என்று பையனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவன் என்னைப் பார்த்தான். சீட்டைப் பற்றி நானே சொல்வேன் என்று காத்திருந்தான் போல. நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது காரிமங்கலம் பக்கம் ஒரு பஞ்சர் கடையில் இருக்கிறான்.

2021 ஏப்ரலிலிருந்து ரீகாலுக்கு நாட்டில் தனி விதியே இருக்கிறது. மீறும் கம்பெனிக்கு ஒரு கோடி வரை அபராதம் போடலாம். போன் செய்யாமலே செய்ததாக எழுதியவனைத் தேடி யாரும் வரவில்லை. ஏழு மாதம் சம்பளம் வாங்கினேன், இன்சென்டிவும் வாங்கினேன்.

போன மாதம் நடந்ததை எழுதி முதலாளியிடம் கொடுத்தேன். பையனின் பெயரைச் சரிசெய்யச் சொன்னேன். அவர் படித்துவிட்டு, “இப்ப எதுக்குய்யா இதக் கிளப்புற?” என்றார். மறுநாள் பூக்காரர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொல்லி, டிராயரிலிருந்து எடுத்து வைத்திருந்த சீட்டையும் கொடுத்தேன்.

வெகுநேரம் அதையே பார்த்தார். “அந்தப் பையன் அன்னைக்கே சொன்னானா?”

“சொன்னான்.”

சீட்டை நாலாக மடித்து பேங்க் பாஸ்புக்குக்குள் வைத்தார்.

“கேஸு போட்டா வந்து சொல்லுவீங்களா?”

“சொல்லுவேன்.”

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அன்று யாரும் காபி கொடுக்கவில்லை.